எடுத்துச் செல்லும் கேமரா கிரேன்: தேர்வு செய்வதிலிருந்து முதல் ஷாட் வரை

நீண்ட கையின் முனையில் கேமராவை வைத்து ஏற்றி இறக்கும் கிரேன் முதன்முதலாகக் கையில் கிடைக்கும்போது எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறோம். கேமராவைத் தரையோடு வைத்து, ஒரே மூச்சில் உச்சிக்குத் தூக்குகிறோம். மானிட்டரில் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும். எடிட்டிங்கில் உட்காரும்போது அந்த ஷாட்டை எங்கே வைப்பது என்று தெரியாது. உச்சிக்குப் போன கேமரா கண்டதெல்லாம் நான்கு தலைகளும் ஒரு வெற்றுத் தரையும்தான்.

பல வருடம் இந்தக் கருவியோடு பழகிய பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: சின்ன கிரேனின் பலம் உயரத்தில் இல்லை, தாண்டிப் போவதில் இருக்கிறது. ஜன்னல் விளிம்பைத் தாண்டி அறைக்குள் நுழையலாம். மேஜை மேலிருக்கும் விளக்கைத் தாண்டி, படித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் முகத்துக்குப் போகலாம். உட்கார்ந்திருப்பவர் எழும்போது அவர் கண்களோடு சேர்ந்து எழலாம். இவற்றுக்கு வேண்டிய அசைவு பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சக்கரத்தில் உருளும் டிராலி போட்டால் மேஜை குறுக்கே நிற்கும். கேமராவைக் கையில் பிடித்து நடந்தால் நடை தெரியும். கிரேன் சத்தமில்லாமல் கடந்துவிடும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கேமராவோடு ஆளும் ஏறி உட்காரும் பெரிய கருவியைத்தான் முன்பு கிரேன் என்றார்கள். முனையில் கேமரா மட்டும் இருக்க, ஆள் தரையில் நின்று இயக்குவது ஜிப். இன்று இரண்டையும் கிரேன் என்றே சொல்கிறோம். 1970களில் பிரான்ஸில் ழான்-மாரி லவாலூ, அலேன் மாஸ்ரோன் என்ற இருவர், முனையில் ஆள் இல்லாமல் தூரத்திலிருந்து இயக்கும் கிரேன் ஒன்றை உருவாக்கினார்கள். இருவர் பெயரையும் கோத்து அதற்கு லூமா என்று பெயர் வைத்தார்கள். அந்த யோசனை முளைத்தது ஒரு நீர்மூழ்கிக் கப்பலுக்குள். ஆள் நுழைய முடியாத இடுக்கில் கேமராவைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவர்களும் உயரத்தைத் தேடிப் போகவில்லை.

இங்கே நான் சொல்லப்போவது, மடித்துப் பையில் போட்டு, ஒருவரோ இருவரோ தூக்கிப்போய், டிரைபாடில் பூட்டி இயக்கும் சின்ன ரகத்தைப் பற்றி மட்டும்.

எவ்வளவு நீளம் வேண்டும்

கேமராவைத் தாங்கும் நீண்ட கைதான் ஆர்ம்; டிரைபாடின் மேல் அது சுழலும் புள்ளி அச்சு; அச்சுக்குப் பின்னால் நீளும் துண்டு வால். அச்சுக்கு முன்னால் 1.8 மீட்டர் நீளமுள்ள ஆர்ம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரைபாடில் அச்சு 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆர்மை மேலே 45 டிகிரிக்குத் தூக்கினால் முனை ஏறக்குறைய 2.77 மீட்டர் உயரம் போகும். கீழே 45 டிகிரிக்கு இறக்கினால் தரையிலிருந்து 23 செ.மீ. உயரத்துக்கு வரும். கேமராவை மேலே உட்கார வைக்கிறீர்களா, கீழே தொங்கவிடுகிறீர்களா என்பதைப் பொறுத்து இதில் ஒரு சாண் கூடும், குறையும். கணுக்கால் உயரத்தில் தொடங்கி, நிற்பவரின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் வரை என்றால், கதை சொல்ல அதற்கு மேல் அரிதாகத்தான் தேவைப்படும்.

இன்னும் நீளமாக வாங்கினால் என்ன? நீளம் சும்மா வராது. ஆடும் ஆர்மை நிறுத்துவதற்கான பாடு, நீளத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே கேமராவை 1.8 மீட்டரிலிருந்து 3 மீட்டர் முனைக்குக் கொண்டுபோனால், சுழற்சியைத் தொடங்கவும் நிறுத்தவும் கேமரா காட்டும் எதிர்ப்பு கிட்டத்தட்ட 2.8 மடங்கு ஆகும். நிறுத்தும் இடத்தில் முனை துடிக்கும். கூடவே, கேமராவுக்கு ஈடாக வாலில் மாட்டும் வெயிட் கூடும், டிரைபாட் பெரிதாகும், பை கனக்கும், உதவிக்கு இன்னோர் ஆள் வேண்டும். அறைக்குள் வேலை செய்யும்போது பின்பக்க வாலும் சுற்றுமே, அதற்கும் இடம் வேண்டும்.

முதல் கிரேன் வாங்குபவருக்கு நான் சொல்வது, அச்சுக்கு முன்னால் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை போதும். வீட்டில் வைத்துவிட்டு வரும் நீண்ட கிரேனைவிட, தினமும் தூக்கிப்போகும் குட்டைக் கிரேன் உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

எடைக் கணக்கு

வாங்கும் முன் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. பலரும் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள்.

முதலில் முன்முனையில் என்னென்ன தொங்கும் என்று பட்டியல் போடுங்கள். கேமரா, லென்ஸ், பேட்டரி, பிளேட் (கேமராவின் அடியில் பூட்டும் தகடு), ஹெட் (கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) அல்லது கிம்பல் (மோட்டாரால் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கருவி), மானிட்டருக்கு வீடியோ அனுப்பும் கருவி, கேபிள். எல்லாவற்றையும் பூட்டி, உடல் எடை பார்க்கும் கருவியில் கையில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பிறகு வெறுங்கையோடு ஏறுங்கள். வித்தியாசம்தான் உங்கள் முன்முனை எடை. அது 4 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

ஆர்ம் ஒரு நெம்புகோல். கிணற்று ஏற்றம் எப்படி வேலை செய்கிறதோ அப்படித்தான். முன்பக்க எடையை முன்பக்க நீளத்தால் பெருக்கினால் வருவதும், பின்பக்க எடையைப் பின்பக்க நீளத்தால் பெருக்கினால் வருவதும் சமமாக இருக்க வேண்டும். முன்னால் 1.8 மீட்டர், பின்னால் 0.6 மீட்டர் என்றால் விகிதம் மூன்றுக்கு ஒன்று. 4 கிலோவுக்கு 12 கிலோ வெயிட்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஆர்மின் முன்பகுதி நீளம், பின்பகுதி குட்டை. ஆகவே ஆர்மின் சொந்த எடையும் முன்னால் இழுக்கும். மீட்டருக்கு ஒரு கிலோ கனமுள்ள ஆர்ம் என்றால், அந்த இழுவையைச் சரிக்கட்ட மேலும் 2.4 கிலோ வேண்டும். இப்போது மொத்தம் கூட்டுங்கள்: கேமரா பக்கம் 4, வெயிட் 14.4, ஆர்ம் 2.4. சுமார் 21 கிலோ.

நான்கு கிலோ கேமராவுக்காக டிரைபாட் தாங்க வேண்டியது 21 கிலோ! கிரேன் விளம்பரத்தில் போட்டிருக்கும் தாங்கும் எடை முன்முனைக்கு மட்டும். டிரைபாடுக்கு அந்த எண்ணைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது.

வெயிட்டுக்கு உடற்பயிற்சிக்கான இரும்புத் தட்டுகளே போதும். ஆர்மின் வெயிட் கம்பியும் தட்டின் துளையும் பொருந்துகிறதா என்று மட்டும் முன்பே பாருங்கள். துளை விட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் புழக்கத்தில் இருக்கின்றன. பயணத்தில் இரும்பைத் தூக்கிப்போக முடியாதபோது மணல் பையும் தண்ணீரும் கைகொடுக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆனால் அரைகுறையாக நிரப்பிய பாட்டில் வேண்டாம். ஆர்ம் அசையும்போது தண்ணீர் உள்ளே அலம்பி, நீங்கள் நிறுத்திய பிறகும் ஆர்மை ஆட்டும். விளிம்புவரை நிரப்பி மூடுங்கள்.

டிரைபாட்

புகைப்படத்துக்கென்று செய்த, நடுவில் ஏறி இறங்கும் குழாயுள்ள டிரைபாட் இதற்கு ஆகாது. அந்தக் குழாய் முறுக்கு விசையைத் தாங்காது. வீடியோ டிரைபாடின் உச்சியில் இருக்கும் கிண்ணத்தின் விட்டம் 75, 100, 150 மி.மீ. என்று வரும். 75 இருந்தால் சின்ன ஆர்மோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 100 இருந்தால் நிம்மதி. ஆர்மை டிரைபாடோடு இணைக்கும் திருகு 3/8 அங்குலம் அல்லது அதைவிடத் தடித்ததாக இருக்கட்டும். கேமராவின் அடியில் வரும் 1/4 அங்குலத் திருகை நம்பி முழுக் கிரேனையும் நிறுத்தாதீர்கள்.

வாங்கும் முன் கையால் சோதிப்பது

முழு நீளத்துக்கு விரித்துப் பூட்டச் சொல்லுங்கள். முனையில் உங்கள் கேமராவின் எடைக்கு ஈடாக ஏதாவது கட்டுங்கள். முனையை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு நொடியில் அடங்கினால் நல்லது. துடித்துக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் அதே துடிப்பு வரும்.

அடுத்து முனையைப் பிடித்து, துணி பிழிவதுபோல முறுக்கிப் பாருங்கள். இணைப்புகளில் கடகடவென்று ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். உள்ளுக்குள் உருவி நீட்டும் குழாய் ரகங்களில் இந்த ஆட்டம் அதிகம் வரும். மடித்து விரிக்கும் ரகத்தில் கீல்கள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அச்சை இரண்டு திசையிலும் மிக மெதுவாக நகர்த்துங்கள். தொடங்கும் இடத்தில் சின்ன ஒட்டல், பிறகு வழுக்கல் என்று இருந்தால் பேரிங் சரியில்லை. மெதுவான ஷாட் எதுவும் அதில் உருப்படாது.

அலுமினியமா, கார்பன் ஃபைபரா? கார்பன் லேசானது, விறைப்பானது, அதிர்வு சீக்கிரம் அடங்கும். ஆனால் கல்லில் ஓங்கி அடிபட்டால் விரிசல் விடும். அலுமினியம் நெளியும், நெளிந்தது கண்ணுக்குத் தெரியும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அலுமினியம் உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் என்பது என் அனுபவம்.

கேமரா எந்தப் பக்கம் பார்க்கும் என்பதை எப்படித் தீர்மானிப்பது என்றும் பாருங்கள். சின்ன கிரேன்களில் ஆர்முக்கு இணையாக இன்னொரு கம்பி ஓடும். ஆர்ம் ஏறினாலும் இறங்கினாலும் கேமரா சாயாமல் ஒரே மட்டமாகப் பார்ப்பது அந்த இணைகர அமைப்பால்தான். சிலவற்றில் அந்தக் கம்பியை இழுத்து டில்ட் செய்யலாம், அதாவது கேமராவை மேலும் கீழும் சாய்க்கலாம். அல்லது முனையில் ஒரு கிம்பலைப் பூட்டி, பேன் (பக்கவாட்டில் திருப்புவது), டில்ட் இரண்டையும் பின்னாலிருந்து ரிமோட்டில் இயக்கலாம். கிம்பல் வசதிதான். ஆனால் எடை கூடும், கவனிக்க வேண்டிய பேட்டரி இன்னொன்று சேரும். முதல் மாதம் கிம்பல் இல்லாமல், கம்பி டில்ட்டோடு மட்டும் பழகச் சொல்வேன்.

பூட்டும் வரிசை

இந்த வரிசையை மாற்றவே கூடாது.

டிரைபாட் கால்களை நன்றாக அகட்டி வையுங்கள். ஒரு கால் கேமரா போகும் திசையைப் பார்த்து இருக்கட்டும். கால்களுக்கு நடுவில் மணல் மூட்டை போடுங்கள். ரசமட்டத்தைப் பார்த்துக் கிண்ணத்தை மட்டமாக்குங்கள். இதில் சோம்பல் கூடாது. அடித்தளம் கொஞ்சம் சாய்ந்திருந்தாலும், விட்டவுடன் ஆர்ம் தானாகவே பள்ளமான பக்கம் சுழலும். சுழலச் சுழலத் தொடுவானமும் ஒரு பக்கம் சாயும்.

பிறகு ஆர்மைப் பூட்டி, பிரேக்குகளை இறுக்குங்கள். முன்முனை தரையை நோக்கி இறங்கியிருக்கட்டும். கேமராவை முதலில் பூட்டுங்கள். கேமராவுக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு போட்டு ஆர்மோடு கட்டுங்கள். திருகு கழன்றாலும் கேமரா தொங்கி நிற்கும். அதற்குப் பிறகுதான் பின்னால் வெயிட், ஒவ்வொரு தட்டாக. கடைசித் தட்டு ஏறியதும் பூட்டு வளையத்தைப் போட்டு இறுக்குங்கள்.

கழற்றும்போது தலைகீழ். வெயிட் முதலில் இறங்கும், கேமரா அதற்குப் பிறகு. வெயிட் இருக்கும்போது கேமராவைத் தொட்டுக் கழற்றவே கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு படப்பிடிப்பில், பேட்டரி மாற்ற வேண்டும் என்று உதவிக்கு வந்த பையன் கேமராவைக் கழற்றினான். யாரையும் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது; நான் சொல்லிவைக்கவில்லை. பிளேட் நழுவி வெளியே வந்த அந்த நொடியில், பின்னால் இருந்த பன்னிரண்டு கிலோ இரும்பு தரையை நோக்கிப் பாய்ந்தது. முன்முனை அவன் மோவாயை உரசிக்கொண்டு மேலே போனது. இரண்டு விரல் அகலம் முன்னால் நின்றிருந்தால் தாடை உடைந்திருக்கும். கேமராவை நெஞ்சோடு அணைத்தபடி அவன் அப்படியே நின்றதும், தரையில் வெயிட் மோதிய இடத்தில் பிறை வடிவத்தில் பதிந்த பள்ளமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அன்றிலிருந்து ஆர்மின் முன்முனையில் ஒரு சிவப்புப் பட்டை ஒட்டியிருக்கிறேன். யார் புதிதாக வந்தாலும், அதைக் காட்டி, 'வெயிட் இறங்காமல் இதைத் தொடாதீர்கள்' என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும்.

சமன் பார்ப்பது

எல்லாம் பூட்டியாயிற்று. இப்போது பிரேக்கை முழுக்கத் தளர்த்துங்கள். பிரேக்கின் பிடி கொஞ்சம் இருந்தாலும் சமன் வந்துவிட்டதுபோல ஏமாற்றும். ஆர்மை மட்டமாக வைத்துக் கையை எடுங்கள், ஆனால் உள்ளங்கை கீழேயே காத்திருக்கட்டும். முன்னால் இறங்கினால் வெயிட் போதாது. பின்னால் இறங்கினால் அதிகம். முழுத் தட்டில் சரியாக வராது. கம்பியில் தட்டை ஓரிரு செ.மீ. முன்னும் பின்னும் நகர்த்தியோ, சின்ன இரும்பு வளையங்களைச் சேர்த்தோ நெருங்குங்கள்.

மட்டத்தில் நின்றதும் வேலை முடிந்ததாக நினைக்க வேண்டாம். 45 டிகிரி மேலே வைத்து விடுங்கள். 45 டிகிரி கீழே வைத்து விடுங்கள். மூன்று இடத்திலும் வைத்தது வைத்தபடி நிற்க வேண்டும். மட்டத்தில் நின்று, மேலே வைத்தால் தானாக மட்டத்துக்குத் திரும்பி வந்தால், வெயிட் அச்சின் கோட்டுக்குக் கீழே தொங்குகிறது என்று அர்த்தம். வைத்த இடத்திலிருந்து இன்னும் மேலே ஓடினால், வெயிட் கோட்டுக்கு மேலே இருக்கிறது. கம்பியின் உயரத்தை மாற்றியோ, தட்டை மறுபக்கம் திருப்பியோ சரிசெய்யலாம்.

சமன் வந்த கிரேன் எப்படி இருக்கும் என்பதை ஒரு தடவை உணர்ந்துவிட்டால் மறக்காது. பின்முனையில் சுண்டுவிரலை வைத்து, கதவிடுக்கில் நூலை நுழைக்கும் அளவு விசையில் அழுத்துங்கள். நான்கு கிலோ கேமரா, எடையே இல்லாதது போல எழும். விரலை எடுத்தால் அங்கேயே நிற்கும். மானிட்டரில் பார்த்தால், அசைவு எந்த நொடியில் தொடங்கியது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. அந்த நிலை வரும்வரை ரெக்கார்ட் பொத்தானைத் தொடாதீர்கள். சமன் சரியில்லாத கிரேனில் இயக்குபவரின் கவனம் முழுவதும் எடையைத் தாங்குவதிலேயே போய்விடும். ஃப்ரேமைப் பார்க்க மனம் மிச்சம் இருக்காது.

லென்ஸ் மாற்றினால், பேட்டரி மாற்றினால், ஃபில்டர் பெட்டி போட்டால், மறுபடி சமன் பாருங்கள். முன்னால் 100 கிராம் கூடினால் பின்னால் 300 கிராம் கேட்கும்.

சுற்றிலும் பார்ப்பது

தலைக்கு மேல் மின்கம்பி ஓடும் இடத்தில் கிரேன் போடாதீர்கள். அலுமினியம் மட்டுமல்ல, கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். இது பலருக்குத் தெரிவதில்லை. இடி மின்னல் தொடங்கினால் ஆர்மை இறக்கிவிடுங்கள். காற்று பலமாக அடித்தாலும் அப்படியே. அறைக்குள் என்றால் மேலே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். தொங்கும் விளக்குகளைப் பாருங்கள்.

ஆர்முக்குக் கீழே யாரும் நடக்கவோ உட்காரவோ கூடாது. எல்லோரும் முன்முனையைத்தான் பார்ப்பார்கள். அடிபடுவது பெரும்பாலும் பின்முனையில். கேமரா இடது பக்கம் போகும்போது இரும்பு வலது பக்கம் வரும், அதுவும் இடுப்பிலிருந்து தலைவரையுள்ள உயரத்தில். பின்வால் சுற்றும் வட்டத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள்.

ஆர்மின் நிழல் எங்கே விழுகிறது, கண்ணாடியில் பிரதிபலிப்பு தெரிகிறதா என்பதையும் இப்போதே பாருங்கள். அசைவின் தொடக்கத்தில் இல்லாத நிழல் நடுவில் வந்து நுழையும்.

லென்ஸும் ஃபோகஸும்

கிரேன் அசைவுக்கு, பரந்த காட்சியைக் காட்டும் அகன்ற லென்ஸ் நண்பன். பக்கத்தில் இருப்பது வேகமாகவும், தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். அந்த வித்தியாசம்தான் பார்ப்பவருக்கு இடத்தின் ஆழத்தை உணர்த்துகிறது. முன்னால் ஒரு கிளையோ, நாற்காலி முதுகோ இல்லாமல் வெறும் வெளியில் கிரேனை ஆட்டினால், ஒரு மீட்டர் அசைவுகூட அசைவாகத் தெரியாது. தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸ் போட்டால் ஆழம் தட்டையாகி, நடுக்கம் மட்டும் பெரிதாகும்.

ஃபோகஸில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆர்ம் நேர்கோட்டில் ஏறுவதில்லை, வட்ட வில்லில் ஏறுகிறது. 1.8 மீட்டர் ஆர்ம் மட்டத்திலிருந்து 45 டிகிரிக்கு ஏறும்போது கேமரா 53 செ.மீ. பின்வாங்கிவிடும். முழு ஃப்ரேம் சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ், அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) எஃப் 2.8, இரண்டு மீட்டரில் ஓர் ஆள் என்றால், தெளிவாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 27 செ.மீ. ஏறி முடிப்பதற்குள் முகம் மங்கிவிடும்.

தொடக்கத்தில் இதிலிருந்து தப்பிக்க எளிய வழி, அகன்ற லென்ஸும் சின்னதாக்கிய அப்பர்ச்சரும். முழு ஃப்ரேமில் 24 மி.மீ. லென்ஸை எஃப் 8-இல் வைத்து, 2.4 மீட்டரில் ஃபோகஸைப் பூட்டினால், ஏறக்குறைய 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். வெளிச்சம் போதாவிட்டால் வயர்லெஸ் ஃபோகஸ் கருவியோடு ஓர் ஆள் வேண்டும், அல்லது முகத்தைப் பின்தொடரும் ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டும். ஆட்டோஃபோகஸ் என்றால், முன்னால் கிளை கடக்கும் ஷாட்டில் அது கிளைக்குத் தாவுகிறதா என்று ரிஹர்சலிலேயே பாருங்கள்.

கேமராவுக்குள் இருக்கும் நடுக்கம் தடுக்கும் வசதியை அணைத்துவிட்டு ஒரு டேக், போட்டுவிட்டு ஒரு டேக் எடுத்துப் பாருங்கள். நீங்கள் வேண்டுமென்று செய்யும் மெதுவான அசைவை அது நடுக்கம் என்று எடுத்துக்கொண்டு, கொஞ்சம் பிடித்துவைத்துப் பிறகு வெடுக்கென்று விடும். கிரேனில் பெரும்பாலும் அணைப்பதே நல்லது. நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஷட்டர் வேகம் 1/50 நொடி.

மானிட்டர் பின்பக்கம், வெயிட்டுக்கு அருகே, உங்கள் கண்மட்டத்தில் இருக்கட்டும். கேபிள் என்றால் ஆர்மோடு சேர்த்துக் கட்டுங்கள். அச்சு இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு கை நீளம் தளர்வாக விடுங்கள், இல்லாவிட்டால் சுழலும்போது அது கேமராவை இழுக்கும். வயர்லெஸ் என்றால் படம் கொஞ்சம் தாமதித்து வரும். நடிகரின் அசைவை மானிட்டரில் மட்டும் பார்த்துப் பின்தொடர்ந்தால் பிந்திவிடுவீர்கள். ஒரு கண் நேராக ஆள் மேலும் இருக்கட்டும்.

அசைவு

ஷாட்டை முடிவிலிருந்து தொடங்குங்கள். கேமரா எங்கே போய் நிற்கப்போகிறதோ அந்த ஃப்ரேமை முதலில் வையுங்கள். அது தனியாக நின்றாலே நல்ல ஃப்ரேமாக இருக்க வேண்டும். ஆர்ம் அந்த இடத்தில் இருக்கும்போது, பின்முனையிலிருந்து ஒரு நூலைத் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும் இடத்தில் ஒரு டேப் ஒட்டுங்கள். நூலின் நுனி தரையைத் தொட்டால் உயரம் வந்துவிட்டது. டேப்பின் மேல் வந்தால் திசை வந்துவிட்டது. கேமரா ஏறும்போது வால் இறங்கும் என்பதால், ஏறி முடியும் ஷாட்டில் நூல் நடுவில் தட்டாமல், கடைசியில் வந்து தொடும். இறங்கி முடியும் ஷாட்டில் நூல் தரையை விட்டு எழுந்துவிடுமே, அங்கே அதே நூலை முன்முனைக்கு அருகே, ஃப்ரேமுக்கு வெளியே கட்டிக்கொள்ளலாம்.

அதன் பிறகு தொடக்க ஃப்ரேம். பிறகு நடுவில் கடக்கும் வழி.

நிற்கும் விதமும் முக்கியம். பாதங்களை அசைவு முடியும் இடத்தைப் பார்த்து வையுங்கள், உடம்பைத் திருப்பித் தொடக்கத்துக்கு வாருங்கள். அப்போது ஷாட் போகப்போக உடம்பு முறுக்கவிழ்ந்து நேராகும், முடிவில் நிதானமாக நிற்கலாம். மாறிச் செய்தால் முடிவில் உடம்பு முறுக்கி, கை நடுங்கும். மணிக்கட்டால் தள்ளாதீர்கள். முழங்காலும் இடுப்பும் நகர, கை சும்மா கூடவே போகட்டும்.

தொடக்கத்தில் ஐந்து நொடி அசையாமல் ரெக்கார்ட் ஓடட்டும். முடிவிலும் ஐந்து நொடி. எடிட்டருக்கு அது பெரிய உதவி. அசைவு தொடங்குவதும் நிற்பதும் கரைவதுபோல இருக்க வேண்டும். ஆர்ம் ஓடத் தொடங்கினால் சீக்கிரம் நிற்காது, ஆகவே நிறுத்தும் இடத்துக்கு நன்றாக முன்பே தளர்த்தத் தொடங்குங்கள். முக்கால் வழியில் தள்ளுவதை விட்டுவிட்டு, மிச்சத்தை ஆர்மின் வேகமே கொண்டுபோகட்டும் என்று நான் விடுவேன். கடைசியில் கையின் வேலை பிரேக் பிடிப்பது மட்டும்தான்.

வேகம்? ஃப்ரேமில் ஒரு பொருள் ஒரு விளிம்பில் நுழைந்து மறு விளிம்பில் வெளியேற ஏழு நொடியாவது ஆகட்டும் என்பது ஒளிப்பதிவாளர்களிடம் நெடுநாளாக இருக்கும் ஒரு கணக்கு. அதைவிட வேகமாகப் பேன் செய்தால் படம் வெட்டி வெட்டி நகர்வதுபோலத் தெரியும். உங்களுக்குச் சரியாகப் படும் வேகத்தில் ஒரு டேக், அதில் பாதி வேகத்தில் ஒரு டேக் எடுத்துவையுங்கள். எடிட்டிங்கில் நான் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் எடுத்திருக்கிறேன்.

நடுக்கம் அடங்கவே இல்லையென்றால் நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுத்து 25-இல் ஓட்டுங்கள், நடிப்பும் பேச்சும் இல்லாத ஷாட்டாக இருந்தால். அசைவு பாதி வேகமாகிவிடும் என்பதால் ஆர்மை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்ட வேண்டும்.

முதல் வாரப் பயிற்சி

ஒரு மேஜை, அதன் மேல் சில பொருட்கள், பின்னால் ஒரு நாற்காலியில் ஆள். இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

முதலில் ஏற்றம் இறக்கம் இல்லாமல், கிரேனை ஸ்லைடர் (கேமராவை நேர்கோட்டில் நகர்த்தும் கருவி) போலப் பழகுங்கள். 1.8 மீட்டர் ஆர்மின் முனையை 60 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்தினால், நேர்கோட்டிலிருந்து அது விலகுவது வெறும் இரண்டரை செ.மீ. கண்ணுக்கு நேர்கோடாகவே தெரியும். ஸ்லைடருக்குத் தனியாகச் செலவு செய்யும் முன் இதை முயன்று பாருங்கள்.

பிறகு மேஜைப் பொருளின் பின்னாலிருந்து எழுந்து, அதைத் தாண்டி, ஆளின் முகம். ஃப்ரேமின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டிருந்த பாத்திரம் இறங்கி மறைய, முகம் தெரிய வருகிறது. அசைவு 40 செ.மீ.கூட இருக்காது. இந்த ஒரு ஷாட் சுத்தமாக வந்துவிட்டால் கிரேன் உங்கள் கைக்குப் பழகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஆள் எழும்போது கேமராவும் எழுவது. பேசி வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய ஷாட் இது. நாற்காலியில் இருப்பவர் எழுவதற்கு முன் உடம்பை முன்னால் சாய்ப்பார். அந்தச் சாய்வில் நீங்கள் தொடங்க வேண்டும். தலை எழுந்த பிறகு தொடங்கினால் துரத்துவதுபோல இருக்கும். இதில் டில்ட்டையும் சேர்க்கும்போது, ஆர்மை ஒருவரும் டில்ட்டை இன்னொருவரும் பார்த்துக்கொள்வது நல்லது. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கக் கூடாது. ஆர்ம் நகர்ந்து ஒரு மூச்சுவிட்ட பிறகு டில்ட் சேரட்டும், நிற்கும்போது டில்ட் முதலில் அடங்கட்டும்.

மூட்டை கட்டுவது

முன்முனையைத் தாழ்த்தித் தரையில் அண்டக்கொடுத்து, ஒருவர் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ள, மற்றவர் வெயிட்டை ஒவ்வொன்றாக இறக்கட்டும். எல்லாம் இறங்கிய பிறகு வாய்விட்டு 'வெயிட் இறங்கியாச்சு' என்று சொல்லுங்கள். பிடித்திருப்பவர் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் கேமராவின் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு ஆர்ம், கடைசியாக டிரைபாட்.

மணலிலும் தூசியிலும் வேலை செய்திருந்தால், மடிக்கும் முன் கீல்களையும் பேரிங்குகளையும் காய்ந்த தூரிகையால் தட்டிவிடுங்கள். எண்ணெய் போடாதீர்கள், தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். திருகுகளையும் பூட்டு வளையங்களையும் ஒரு சின்னப் பையில் போட்டு, அந்தப் பையை ஆர்மிலேயே கட்டிவிடுங்கள். அன்று எந்த லென்ஸுக்கு எத்தனை கிலோ, தட்டு கம்பியில் எந்த இடம் என்பதை ஒரு காகிதத்தில் எழுதி ஆர்மின் பக்கவாட்டில் ஒட்டிவையுங்கள். மறுநாள் சமன் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.